பருப்பு வேகும் கிணறு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குத் தண்ணீர் மாதிரி எடுப்பது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. பாட்டிலை எப்படிக் கழுவுவது, ஐஸ் பெட்டியை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கொஞ்ச நாளில் கைக்கும் வந்துவிடும். அங்கே சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. குப்பைக் கிடங்கைச் சுற்றியுள்ள கிணறுகளைப் பார்க்கப் போகிறவருக்கு அந்த ஊரில் வேண்டியவர் என்று யாரும் மிஞ்ச மாட்டார்கள். கிடங்கை நடத்துகிறவர்களுக்கு நீங்கள் வம்பு பிடித்த ஆள். கிணற்றுக்காரர்களுக்குக் கெட்ட சேதி கொண்டுவருகிற ஆள். சொந்த ஆபீஸுக்கோ, வண்டி கேட்டு நச்சரிக்கிற ஆள். மதியச் சாப்பாட்டை வரப்பில் உட்கார்ந்து தனியாகத்தான் சாப்பிடுவீர்கள். அதற்கு முதலில் தயாராகிக்கொள்ளுங்கள்.

நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பஸ்ஸில்தான் போனேன். குடியிருப்பு பெரம்பலூரில். அங்கே ரயில் கிடையாது, ஆபீஸ் வண்டி எப்போதும் வேறு யாருக்கோ தேவைப்படும். மடியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தால் கண்டக்டர் குனிந்து, “பெட்டியில மீனாம்மா?” என்பார். “தண்ணிங்க” என்றால் நம்ப மாட்டார். ஊர் ஊராகப் போய்த் தண்ணீரைப் பிடித்து ஐஸில் வைத்துக் கொண்டுபோகிற பொம்பளையைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பாரோ. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், தனிக்கட்டை. வேலைக்குப் போனாலும் பேச ஆளில்லை, வீட்டுக்கு வந்தாலும் பேச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, புலம்பவும் இல்லை. எப்படி இருந்தேன் என்று தெரிந்தால்தான் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

இந்த வேலையில் ஒரு விதி இருக்கிறது. ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதியை நீங்கள் திட்டுவீர்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அதற்கு நியாயம் உண்டு. பெரம்பலூர் பக்கம் ஒரு ஊரில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் கிணற்றுத் தண்ணீரில், கரைந்திருப்பதை அளக்கும் மீட்டரை வைத்தார். எண் எகிறியது. பதறிப்போய், “இதைத் தொடாதீங்க” என்று அங்கேயே சொல்லிவிட்டார். அந்த ஊர்ப் பெண்கள் கோடை முழுக்க அடுத்த ஊர்க் கிணற்றுக்குக் குடம் தூக்கினார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று ஊராட்சியில் முந்தின நாளே பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு கவிழ்த்திருக்கிறார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் வாசல் தெளிக்க மாட்டோமா, அந்த எண்ணம்தான். கிணற்றில் ஒரு கோளாறும் இல்லை. அதன் பிறகு அவர் அந்த ஊர்ப் பக்கமே தலைகாட்ட முடியவில்லை. ஆகவே கிணற்றடிக்குப் போனதும், பவுடர் போட்டீர்களா என்று முதலில் கேளுங்கள்.

இனி ஆரோக்கியமேரி கதைக்கு வருகிறேன்.

அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் ஒரு சின்ன டவுன். பெயர் வேண்டாம். அந்த டவுனின் குப்பையை எல்லாம், தோண்டி முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் பள்ளம் ஒன்றில்தான் கொட்டிவந்தார்கள். பள்ளத்துக்குக் கீழ்ப்புறச் சரிவில் ஒரு ஊர். பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். முந்திரி, கடலை, கொஞ்சம் சோளம். நான் அங்கே வருஷத்தில் நாலைந்து முறை போய்ச் சுற்றியுள்ள கிணறுகளில் மாதிரி எடுப்பேன். சுண்ணாம்புப் பூமி என்பதால் எங்கே தோண்டினாலும் கடினமான உப்புத் தண்ணீர்தான். உலையில் பருப்பைப் போட்டால் விறகு தீருமே தவிரப் பருப்பு வேகாது.

ஆரோக்கியமேரியின் கிணறு மட்டும் ஒரு மணல் திட்டில் அமைந்திருந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு பூவாக மலரும். ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் பருப்புக்கு மட்டுமாவது அவர் கிணற்றில் இரண்டு குடம் எடுத்துப் போவார்கள். தை மாதம் நடக்கும் அந்தோணியார் திருவிழாச் சாப்பாட்டுக்கு மொத்தத் தண்ணீரும் அங்கிருந்துதான் போகும். கணவர் இல்லை, ஒரே மகளைக் கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. நகை நட்டு என்று பெரிதாக எதுவும் கிடையாது. அவருக்கு ஊரில் இருந்த மரியாதை அந்தக் கிணறுதான்.

என்னை வீட்டுக்குள் கூப்பிட்ட ஒரே ஆள் அவர். முதல் முறை போனபோது மேடம் என்றார். இரண்டாம் முறை, “ஏன் வரப்புல குந்தி சாப்புடுறீங்க? வூடு இருக்குல்ல?” என்று அதட்டினார். அதற்கப்புறம் நான் அவருக்கு அக்கா. சாம்பார் ஊற்றி, முந்திரிக்கொட்டை சுட்டுக்கொடுத்து, மகளைப் பற்றி, மாப்பிள்ளையின் தாயாரைப் பற்றி எல்லாம் பேசித் தீர்ப்பார். நானும் பேசுவேன். நான் அவ்வளவு பேசக்கூடியவள் என்று எனக்கே அங்கேதான் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சுற்று எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. குப்பைப் பள்ளம் குளமாக நிறைந்து நின்றது. பொங்கல் கழிந்து நான் போனேன். திருவிழாவுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. வாளியில் தண்ணீர் வந்தபோதே விளிம்பில் லேசாக நுரை. மீட்டரில் எண் முந்தைய தடவையைவிட இரண்டு மடங்கு. குப்பைக் கசிவு கலந்தால் அம்மோனியா ஏறும், அதைக் காட்டும் மருந்தை நான்கு சொட்டு விட்டேன். வழக்கமாகத் தெளிவாகவே இருக்கும், மிஞ்சினால் இளமஞ்சள். அன்று கஷாயம்போல் பழுப்பானது. இன்னொரு முறை பார்த்தேன். அப்படியேதான் வந்தது.

“ஆரோக்கியம், கெணத்துல பிளீச்சிங் பவுடர் ஏதும் போட்டீங்களா?”

“நான் ஏங்க்கா போடுறேன்? பருப்பு ருசி கெட்டுப்போவும்ல.”

தெருக்கோடிக்குப் போய் ஆபீஸுக்குப் போன் போட்டேன். எங்கள் அதிகாரி கெட்டவர் இல்லை. அந்தப் பிளீச்சிங் பவுடர் விவகாரத்தில் எங்களுக்காக மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவரே அவர்தான். “லேப் ரிசல்ட் வரட்டும் மேடம். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை விட்டீங்கன்னா நாளைக்குக் கெடங்குத் தரப்பு அதையே புடிச்சுக்குவாங்க. ஒங்க வேலைக்கே பிரச்னையாயிடும்” என்றார். ரிசல்ட் வரத் திருவிழா முடிந்துவிடும். அதற்குள் ஊரே அந்தத் தண்ணீரில் சமைத்துச் சாப்பிட்டிருக்கும். குழந்தைகள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோரும்தான்.

இந்த இடத்தில் உங்களுக்குக் கைகொடுக்க ஒரு புத்தகமும் கிடையாது. விதி ஒரு பக்கம் இழுக்கும், கண்ணால் பார்த்தது இன்னொரு பக்கம் இழுக்கும். நான் எனக்கு நானே ஒன்று கேட்டுக்கொண்டேன். நான் சொல்லி, என் சந்தேகம் தப்பானால் நஷ்டம் யாருக்கு? எனக்கு. சொல்லாமல் இருந்து அது சரியானால் நஷ்டம் யாருக்கு? இதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஊரைக் கூட்டிச் சொல்வதற்கு முன்னால் கிணற்றுக்காரரிடம் தனியாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. அது அவருடைய கிணறு.

அடுப்படியில் வைத்துச் சொன்னேன். ஆரோக்கியம் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டார். கடைசியில், “நல்லாப் பார்த்தீங்களாக்கா?” என்று மட்டும் கேட்டார்.

“ரெண்டு தடவை பார்த்தேன்.”

“குப்பைத் தண்ணியா?”

“அப்படித்தான் தெரியுது. ரிப்போர்ட் வரணும். அதுக்கு முன்னாடி நான் சொன்னது தெரிஞ்சா என் வேலைக்குப் பிரச்னை. ஆனா குடிக்காதீங்க. யாருக்கும் குடுக்காதீங்க.”

பிறகு அவர் சொன்னார்: “திருவிழா முடியட்டும். அதுவரைக்கும் மோட்டார் ரிப்பேருன்னு சொல்லிக்கிறேன். லாரித் தண்ணி வரவச்சுக்குவாங்க. திருவிழா நேரத்துல என் கெணறு கெட்டுப்போச்சுன்னு ஒரு பேச்சு வேணாங்க்கா. அப்புறம் நானே சொல்லிடுறேன்.”

ஒருவரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவதில்லை, அவருக்கும் மானம் போகாது. நான் சரி என்றேன். திருவிழாவுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நல்ல மனுஷர்கள் இருக்கிற ஊரில் ரிப்பேர் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. சாக்கு சொல்வதானால் யாராலும் சரிசெய்ய முடியாத சாக்காகச் சொல்ல வேண்டும்.

திருவிழா அன்று நான் போனபோது கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஒரு அண்டாவில் லாரித் தண்ணீரில் போட்ட பருப்பு கொதிக்கிறது, கொதிக்கிறது, வேகவே இல்லை. சமையல்காரர் கரண்டியால் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்துகொண்டிருந்தார். திருவிழாக் கமிட்டியின் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர், “பாவம் ஆரோக்கியம், ஒத்தப் பொம்பளை. மோட்டாரைப் பார்க்க யாரு இருக்கா?” என்று, யாரிடமும் கேட்காமல் ஜெயங்கொண்டத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார்.

ஆரோக்கியம் பூசையில் இருந்தார். அவர் வெளியே வருவதற்குள் மெக்கானிக் சுவிட்சைப் போட்டுவிட்டார். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கிணற்றிலிருந்து கொட்டகை வரை ரப்பர் ஹோஸ் இழுத்து, கழுவிக் கவிழ்த்திருந்த புது அண்டாவை நிமிர்த்தித் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார்கள். யாரோ ஒரு சொம்பில் பிடித்துக் குடிக்கப் போனார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் என்றே தெரியாத ஒருவருடைய கையை.

“குடிக்காதீங்க. இந்தத் தண்ணி வேணாம். சமைக்கவும் வேணாம்.”

வாத்தியார் கிட்டே வந்தார். “என்னங்க மேடம் சொல்றீங்க?”

“குப்பைத் தண்ணி கலந்திருக்குங்க.”

“ரிப்போர்ட் வந்துடுச்சா?”

“இல்லீங்க.”

“அப்புறம்?”

நான் பார்த்த நிறத்தைப் பற்றிச் சொன்னேன். நிறத்தை வைத்து யார் நம்புவார்கள். “நாங்க பொறந்ததுலேருந்து குடிக்கிறோம்” என்றார் ஒருவர். “நீங்களே அந்த வூட்டுல உக்காந்து சாப்புடுறீங்களே மேடம், அது எந்தத் தண்ணி?” என்றார் இன்னொருவர். அவர் கேட்டதில் தப்பு இல்லை. வாத்தியார் மரியாதையாகத்தான் சொன்னார்: “திருவிழா நடக்குதும்மா. எழுத்துல இல்லாததைச் சொல்லி சனங்களைக் கலைக்காதீங்க. ரிப்போர்ட்டோட வாங்க, பேசிக்கலாம்.” ஹோஸிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருந்தது. அத்தனை பேருக்கு நடுவில் அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. அண்டாவைக் கவிழ்த்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். என் பலத்துக்கு அது அசையாது.

அப்போது ஆரோக்கியம் வந்தார். தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை. அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேராக வாத்தியாரிடம் போனார்.

“அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. கெணத்துல பூனை செத்துக் கெடந்துச்சு. ஊறி நாறிப்போச்சு. எடுத்துப் பொதைச்சேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மோட்டார் ரிப்பேருன்னு சொன்னேன். அவங்க எனக்காவ ஏதோ பேசுறாங்க.”

சொம்பு வைத்திருந்தவர் அதை அப்படியே போட்டார். ஹோஸை யாரோ பிடுங்கி எறிந்தார்கள். அண்டாவை நாலு பேர் சேர்ந்து கவிழ்த்தார்கள். ஒருவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார், அவர் குடிக்கவே இல்லை. “பூனை செத்த தண்ணிய சாமி சோத்துக்கு விடப் பார்த்தியே” என்று ஒரு அம்மாள் கத்தினார். ஆரோக்கியம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு வேலை போகக்கூடாது என்று என்னையும் காப்பாற்றிவிட்டு, ஊரையும் காப்பாற்றிவிட்டு, அவர் மட்டும் நின்றார். நான் உண்மையைச் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. அவர் பொய் சொன்னதும் கொட்டகையே காலியானது. நான் பஸ்ஸில் அழுதுகொண்டே பெரம்பலூர் வந்தேன்.

சில நாளில் ரிப்போர்ட் வந்தது. நான் பயந்தது அத்தனையும் அதில் இருந்தது. ஆனால் கிடங்கை நடத்திய தரப்பு சும்மா இருக்குமா? அவர்கள் ஊரில் விசாரித்துவிட்டு, கிணற்றில் பூனை செத்தது ஊருக்கே தெரியும், அம்மோனியா வந்தது அதனால்தான், பள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. செத்த பிராணி ஊறினால் அம்மோனியா வரத்தான் செய்யும். மறு மாதிரி எடுத்தேன். அதற்கும் அதே பதிலைச் சொன்னார்கள். நேரில் விசாரிக்க ஒரு அதிகாரியை நியமித்தார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் நான் ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம், கேட்காமல் திரும்பிவிடலாமா என்றுதான் நினைத்தேன். அவர் எனக்காகச் சொன்ன பொய்யை அவரையே விட்டு உடைக்கச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று தெரிந்துதான் போனேன்.

“பூனை கதை பொய்யின்னு நாளைக்கு நீங்க சொல்லணும், ஆரோக்கியம்.”

“சொன்னா, அந்தோணியார் கொட்டகையில நின்னு, கையில செவமாலையோட பொய் சொன்னவ ஆயிடுவேன்.”

“ஆமா.”

“சொன்னா என் கெணறு திரும்ப வருமாக்கா?”

வரும் என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாக வந்து சொல்லியிருப்பார். “வராதுன்னுதான் நினைக்கிறேன். நம்ம காலத்துல வராது. ஆனா குப்பை கொட்டுறதை நிறுத்துனா, கீழ இருக்கிற மத்த கெணறுங்களைக் காப்பாத்தலாம்” என்றேன்.

“அதெல்லாம் உப்புத் தண்ணிக் கெணறு” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுநாள் ஊராட்சி ஆபீஸில் ஊரே கூடியிருந்தது. அதிகாரி கேட்டதும் ஆரோக்கியம் எழுந்தார்.

“பூனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொன்னது பொய்யி. இந்தம்மா அன்னைக்குச் சொன்னதுதான் நெசம்.”

வாத்தியார் அதிர்ந்துபோய், “ஏம்மா, திருவிழா அன்னைக்கு எதுக்கு அப்படி ஒரு பொய்யி?” என்றார்.

“நெசத்தை அவங்க சொன்னாங்க, ஒருத்தரும் ஹோஸைப் புடுங்கல. நான் பூனைன்னதும் ஓடுனீங்கல்ல?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

பள்ளத்தில் கொட்டுவது நின்றது. ஊருக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. கீழே இருந்த கிணறுகளில் நான் ஓய்வு பெறும்வரை மீட்டர் எண் ஏறவில்லை. இந்த வேலையில் இது பெரிய வெற்றி, இதைவிடப் பெரியது உங்களுக்குக் கிடைப்பது கஷ்டம். ஆரோக்கியத்தின் கிணற்றுச் சுவரில் ‘குடிக்கக் கூடாது’ என்று சிவப்பில் எழுத ஆள் அழைத்துப் போனதும் நான்தான். பெயிண்டர் எழுதி முடிக்கும்வரை அவர் வெளியே வரவில்லை.

அடுத்த சுற்றில் போனேன். கேட் திறந்திருந்தது. மாதிரி எடுத்துவிட்டு வாசலில் நின்று, “ஆரோக்கியம், எம்மேல கோவமா?” என்று கேட்டேன்.

உள்ளே இருந்தபடியே சொன்னார்: “கோவம் இல்லக்கா. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க, நானும் சரியாத்தான் செஞ்சேன். ஒங்களைப் பார்த்தா அந்தக் கெணறு ஞாபகம் வந்துடுது. வராதீங்கன்னு சொல்லல, அது ஒங்க வேலை. கேட்டைத் தொறந்து வெக்கிறேன், எடுத்துக்கிட்டுப் போங்க. உள்ள மட்டும் கூப்புட மாட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்க.”

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் வலித்தது, இப்போதும் வலிக்கிறது. அதற்கப்புறம் எத்தனையோ முறை போனேன். கேட் ஒருநாளும் பூட்டியிருந்ததில்லை. மதியம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன்.

திரும்ப அப்படி ஒரு நாள் வந்தால் நான் இதையேதான் செய்வேன். நீங்களும் செய்யவேண்டும் என்றுதான் சொல்கிறேன். சரியாகச் செய்தால் நாலு பேர் நம்மோடு இருப்பார்கள் என்ற எண்ணத்தில் மட்டும் செய்யாதீர்கள்.

அடுத்த சுற்றுக்கு உங்களில் ஒருவர் அங்கே போக வேண்டியிருக்கும். கேட் திறந்திருக்கும். மாதிரியை எடுத்துக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டு வாருங்கள். உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்கும், ஆள் இருப்பது தெரியும். கூப்பிடாதீர்கள். அவராக வெளியே வந்து என்னைப் பற்றிக் கேட்டால் மட்டும், அக்கா நல்லாயிருக்காங்க என்று சொல்லுங்கள்.